மீன்கள் கரையேறிய பொந்தியான்

ரப்பர் விலை விழுந்து, மலாயாவிலிருந்து ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் நான் அங்கே போனேன். நாகப்பட்டினத்தில் வந்து இறங்கியவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தலையில் தகரப் பெட்டியோடு போன ஒருத்தி நின்று, "நாங்க எல்லாரும் வர்றோம், நீங்க மட்டும் எங்கம்மா போறீங்க?" என்று கேட்டாள். தங்கச்சிக்குப் பிரசவம் என்றேன். "அங்க போயா?" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

எனக்கு வேறு வழியிருக்கவில்லை. என் தங்கை எஸ்தர் வாழப்போன பொந்தியானில் அவளுடைய முதல் குழந்தைக்குப் பிறந்தபோதே உயிர் இல்லை. அப்போது பக்கத்தில் இருந்தது அனுபவமில்லாத ஒரு தோட்டத்துப் பெண். நானோ திருநெல்வேலிச் சீமையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரார் பிள்ளைகளையெல்லாம் கையில் வாங்கியவள், சொந்தத் தங்கைக்கு இல்லாமல் போனேன். இரண்டாவது தடவை அப்படி நடக்கக்கூடாது என்று லீவு போட்டுக் கிளம்பினேன்.

கப்பலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாந்தியைப் பற்றிப் படிக்க யாருக்கும் பிரியம் இருக்காது. ஜொகூர் பாருவிலிருந்து பொந்தியானுக்குப் போன பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அதை பஸ் என்பதைவிட, சக்கரம் வைத்த மரப்பெட்டி என்று சொல்லலாம். எனக்கு முன்னால் ஒரு சீனக் கிழவர் காலுக்கடியில் இரண்டு வாத்துகளை வைத்திருந்தார். பக்கத்தில் நாகூர்க்காரர் ஒருவர், துணி வியாபாரி, மடியில் கைலிக் கட்டு. ராவுத்தர் என்று மட்டும் சொல்லிக்கொண்டார். ஸ்கூடாயில் பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நாலைந்து கடைகள்தான் ஊர். சீனன் கடையில் ராவுத்தர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அடியில் டின் பால் கெட்டியாகக் கிடந்தது. கலக்கத் தெரியாமல் மேலாகக் குடித்துவிட்டு, கசப்பு என்று முகத்தைச் சுளித்தேன். "கரண்டி எதுக்கும்மா குடுத்திருக்கான்?" என்று சிரித்தார்.

பெக்கான் நானாஸை நெருங்கும்போது ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. இறங்கி நின்றோம். ரோட்டின் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் அன்னாசி. எங்கள் ஊர்த் தேரியில் சிவப்பு மணல் எப்படிப் பரந்து கிடக்குமோ, அப்படி இங்கே முள் இலை. டிரைவர் வாய்க்காலில் தண்ணீர் மொண்டுவரப் போனான். அது காப்பி நிறத்தில் இருந்தது. அதையே ஊற்றினான். நாங்கள் அன்னாசியை வெட்டி உப்புத் தொட்டுத் தின்றோம். கொஞ்ச தூரத்தில் இரண்டு மலாய்ப் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, தின்பதை நிறுத்தினார்.

"என்ன சொல்றாங்க?"

"கடலுக்குச் சீக்காம்."

"கடலுக்கா?"

"அப்படித்தான் சொல்றாங்கம்மா. லாவுட் சாக்கிட். மீனெல்லாம் தானா கரைக்கு ஏறி வந்து படுத்துக்குதாம். நானும் கடற்கரையிலேயே பொறந்து வளந்தவன். இப்படி ஒரு பேச்சுக் கேட்டதில்ல." அவர் மீதித் துண்டை வாத்துக்காரரிடம் நீட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பொந்தியானில் இறங்கியதும் முதலில் வந்தது நாற்றம். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த எனக்கு நாற்றம் புதிதில்லை. ஆனால் இது அழுகல் மட்டுமில்லை. கூடவே ஒரு காரம் இருந்தது, தொண்டையைச் சுரண்டியது. இறங்கிய எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள்.

என் தங்கை புருஷன் சாமுவேல் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக நின்றான். கடலோரத் தென்னந்தோட்டம் ஒன்றில் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கப்பிள்ளை. ஓயாமல் பேசுகிறவன். கல்யாணத்தில் பாதிரியார் ஜெபம் சொல்லும்போதுகூட பக்கத்தில் இருந்தவனிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்ததாக எங்கள் வீட்டில் இன்னும் சொல்வார்கள்.

"வாங்க மதினி! கப்பல்ல சோறு எப்படி? எளைச்சுட்டீங்களே! உங்க தங்கச்சி வாசல்லயே நிக்கிறா, உக்காருன்னா உக்காரமாட்டேங்குறா. நாத்தத்தப் பாக்காதீங்க, ரெண்டு நாள்ல பழகிடும். எனக்கு இப்ப தெரியவே இல்ல" என்று இருமிக்கொண்டே சொன்னான்.

வீடு மரப்பலகையும் அத்தாப்பு ஓலைக் கூரையுமாகக் கால்கள் மேல் நின்றது. நாலு எட்டு வைத்தால் மண் அணை. அணைக்கு அந்தப் பக்கம் கடல். எஸ்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள். கட்டிக்கொண்டோம். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். குழந்தை நன்றாகவே உதைத்தது. அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.

சாயங்காலம் சாமுவேல் கடலைக் காட்டக் கூட்டிப்போனான்.

எங்கள் ஊர்ப் பக்கம் கடல் என்றால் அது இரண்டு மைலுக்கு முன்பே பேச ஆரம்பித்துவிடும். இங்கே அணை மேல் ஏறி நின்றும் ஒரு சத்தம் இல்லை. அலையே இல்லாத சேற்றுக் கடல், ஓரத்தில் காண்டாமரக் காடு. தண்ணீர் செம்பழுப்பாக, கொதிக்க வைத்து ஆறவிட்ட தேயிலை மாதிரி கிடந்தது. மேலே எண்ணெய் போல ஒரு ஏடு. அது விளிம்பில் சுருங்கி நுரையாக ஒதுங்கியிருந்தது.

நுரையை ஒட்டி மீன்கள். கரையின் வளைவு எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் வெள்ளையாக ஒரு கோடு. கையளவு மீன், ஆள் நீளத்துத் திருக்கை, பாம்பு போன்ற விலாங்கு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. எல்லாமே வாயைத் திறந்திருந்தன. சில இன்னும் சாகவில்லை. தண்ணீரிலிருந்து வெளியே வர முண்டிக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் போகத் துடிக்கும் மீனைத்தான் அதுவரை பார்த்திருக்கிறேன். தண்ணீரை விட்டுத் தப்பிக்கும் மீனை அன்றுதான் பார்த்தேன்.

"காக்கா எங்க தம்பி?" என்று கேட்டேன்.

சாமுவேல் சுற்றும் பார்த்தான். இத்தனை மீன் கிடந்தும் வானத்தில் ஒரு பருந்து இல்லை, கொக்கு இல்லை. "அட, ஆமா" என்றான். "போன வாரம் இருந்துச்சே."

திரும்பும்போது இருட்டிவிட்டது. அவன் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்துத் தண்ணீரில் எறிந்தான். விழுந்த இடத்தில் நீல நெருப்புப் பற்றியது. வட்டமாக விரிந்து, கரைக்கு வந்து, செத்த மீன்களின் முகத்தில் எல்லாம் ஒரு கணம் வெளிச்சம் அடித்து அணைந்தது. அவன் சின்னப் பிள்ளை மாதிரி இன்னொன்று எறியப் போனான். நான் கையைப் பிடித்துவிட்டேன். அந்த முகங்களை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் கடைத்தெருவுக்குப் போனோம். மீன் கடைப் பலகைகள் கழுவிக் காய்ந்து கிடந்தன. சீனர்கள் கரையில் ஊதுவத்திக் கட்டுகளை நட்டுத் தாள் எரித்துக்கொண்டிருந்தார்கள். மளிகைக் கடை வாசலில் ஒரு பூனை நடந்து வந்தது. பின்னங்கால்கள் அதன் பேச்சைக் கேட்கவில்லை. கள் குடித்தவன் போலச் சாய்ந்து சாய்ந்து வந்து, என் காலடியில் விழுந்தது. செத்துவிட்டது என்று நினைத்து விலகினேன். அதன் கண்மணி என்னைத் தொடர்ந்து வந்தது. கடைக்காரர் அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிப்போனார். "பத்து கடைக்கு மேல இப்படிப் பூனை செத்துப் போயிருச்சுன்னு சொல்றாரு" என்றான் சாமுவேல். அன்று நெத்திலிக் கருவாடும் தேங்காய்ப்பால் சோறும் சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது. எஸ்தர் மட்டும் அந்தப் பூனையைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து வந்தபோது வீட்டுப் படியில் ஒரு மலாய்க்கார அம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். மாக் லீமா என்று பெயர். மாக் என்றால் அம்மா. அணைக்கு அந்தக் கோடியில் இருந்த கம்பத்துக்காரி; மலாய்க் கிராமத்தைக் கம்பம் என்பார்கள். எஸ்தருக்கு முதல் பிள்ளை போனபோது மூன்று நாள் வந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவள் என்று எஸ்தர் சொன்னாள். கூடையில் சேறு அப்பிய கெராங், எங்கள் பக்கத்தில் மட்டி என்பார்களே, அது. மீன் கிடைக்காமல் கர்ப்பிணிப் பெண் கருவாடு தின்கிறாளே என்று கொண்டு வந்திருந்தாள்.

"மீன் நீந்துறதால கெட்ட தண்ணியில மாட்டிக்குது, இது சேத்துக்குள்ள இருக்கு, ஒண்ணுகூடச் சாகல, பாருங்கிறாங்க" என்று சாமுவேல் மொழிபெயர்த்தான். ஒரு மட்டியை எடுத்துத் தட்டினான். அது இறுக மூடிக்கொண்டது. "நல்ல உசிரு. அவங்க வீட்டுக்காரருக்கும் பாதி எடுத்து வச்சிருக்காங்களாம்."

மாக் லீமா எஸ்தரின் வயிற்றை வாஞ்சையாகத் தடவிவிட்டுப் போனாள்.

எஸ்தர் இஞ்சி தட்டிப்போட்டு வேகவைத்தாள். மாதம் நிறைந்தவள் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது என்று அவளை நான் தின்னவிடவில்லை. விஷம் என்று நினைத்துச் சொன்னதில்லை, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சொல்வதைத்தான் சொன்னேன். தேரிக்காட்டில் வளர்ந்த எனக்கு ஓட்டுக்குள் இருப்பதைத் தின்று பழக்கமில்லை. மரியாதைக்கு இரண்டு தின்றேன். சாமுவேல் மிளகாயும் எலுமிச்சையும் தொட்டு, பேசிக்கொண்டே, ஓடுகளைக் குன்றாகக் குவித்தான்.

பாத்திரம் கழுவும்போது என் உதட்டில் எறும்பு ஊர்ந்தது. தட்டிவிட்டேன். போகவில்லை. எறும்பே இல்லை. நாக்கு நுனி மரத்துக்கொண்டு வந்தது.

"மதினி, எனக்கு வெரலெல்லாம் யாரோ வேற ஆளோடது மாதிரி இருக்கு" என்றான் சாமுவேல். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "ஒடம்பு லேசா, தண்ணி மேல மெதக்குறாப்புல இருக்கு. நல்லாத்தான் இருக்கு."

எழுந்து நின்றான். இரண்டு அடி வைத்தான். அந்தப் பூனை நடந்த நடைதான்.

நான் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தேன். உப்புத் தண்ணீர் கொடுத்தேன், பாதி வெளியே வழிந்தது. பேச்சு குழறியது. "எஸ்... எஸ்..." என்று அவள் பெயரின் பாதியில் நின்றான். பிறகு அதுவும் இல்லை. ஓயாமல் பேசுகிறவனின் வாய் மெதுவாகத் திறந்து, அப்படியே நின்றுவிட்டது. கரையில் பார்த்த வாய்கள் மாதிரி.

தோட்டத்தில் மருந்து கொடுக்க டிரெஸ்ஸர் ஒருவர் இருந்தார். விலை விழுந்ததும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். டவுன் டாக்டருக்கு சைக்கிளில் ஆள் ஓடியது. வேறு கம்பங்களிலும் இப்படியே விழுந்து கிடக்கிறார்கள், டாக்டர் படகில் போய்விட்டார் என்று பதில் வந்தது. அதற்குள் சாமுவேலின் நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்து, குறைந்து, நின்றது.

வீடு நிறைய ஆட்கள். முனியாண்டி கங்காணி குனிந்து மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "போயிட்டாரும்மா" என்றார். அவர் மனைவி கண்ணிமைகளை மூடி, தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினாள். நாங்கள் தடுக்கும் முன்பே பழக்கப்பட்ட கை செய்துவிட்டது. எஸ்தர் சத்தமே போடாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். வெயில் காலம், உடம்பு தாங்காது, இருட்டுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று வெளியே யாரோ சொன்னார்கள். கொப்பரைக் கொட்டகைப் பக்கமிருந்து மரம் அறுக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

நான் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தேன். நாடி இருந்தது. மெதுவாக, ஆனால் ஒழுங்காக. பிறந்து அழாத குழந்தைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். மூச்சு இல்லாமல் நாடி மட்டும் ஓடும். அவற்றுக்கு நாம் மூச்சுக் கொடுத்தால் பிழைக்கும். பெரிய ஆளுக்கு? எங்கள் ஆஸ்பத்திரியில் கிணற்றில் விழுந்த ஒருவனுக்கு டாக்டர் கைகளைத் தூக்கி இறக்கி மூச்சுக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவன் பிழைக்கவில்லை. ஆனாலும் செய்யும் விதம் தெரியும்.

தாடைத் துணியைப் பிய்த்து எறிந்தேன். தோளுக்கடியில் பாயைச் சுருட்டி வைத்து, நாக்கை முன்னால் இழுத்துக் கங்காணி மனைவியைத் துணியால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். தலைமாட்டில் மண்டியிட்டு அவன் இரு கைகளையும் என் பக்கமாகத் தலைக்கு மேல் இழுத்தேன். பிறகு மடக்கி நெஞ்சில் அழுத்தினேன். உள்ளே காற்றுப் போய் வரும் சத்தம் கேட்டது.

"செத்த ஒடம்ப ஏம்மா போட்டு வருத்துறீங்க?" என்றார் கங்காணி.

"நாடி இருக்கு. தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். "இருக்கிற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கும்மா."

என் கையிலும் பலம் முழுதாக இல்லை. நான் தின்ற இரண்டு மட்டி உதட்டிலிருந்து முழங்கைவரை வந்திருந்தது. எந்த நேரத்தில் நானும் சாய்வேனோ என்ற பயம். எவ்வளவு நேரம் செய்தேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவன் கைகள் என் பிடியிலிருந்து நழுவின. அப்போது எஸ்தர் வந்து என்னைத் தோளில் தொட்டாள்.

"தள்ளுக்கா."

"உன்னால முடியாது புள்ள, இந்த வயித்தோட..."

"கையால முடியாது. வாயால முடியும்ல? நீ பிள்ளைங்களுக்கு ஊதுவேன்னு சொல்லியிருக்கேல்ல?"

சொல்லிவிட்டு, அத்தனை ஆண்கள் நிற்கும்போதே, பக்கத்தில் ஒருக்களித்துச் சாய்ந்து, புருஷன் மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஊதினாள். யாரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் நெஞ்சு உயர்ந்தது. அவள் ஊத ஊத உயர்ந்தது. அப்போதுதான் நான் பார்த்தேன். மூடியிருந்த அவன் இமைக்கடியிலிருந்து ஒரு சொட்டு நீர் கிளம்பி, கன்னப்பொறியில் வழிந்து காதுக்குள் போயிற்று.

"கங்காணி" என்றேன். "செத்தவன் அழுவானா?"

அவர் அந்த நீரைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "கையை எப்படிப் பிடிக்கணும், சொல்லுங்கம்மா" என்று மண்டியிட்டார்.

அதற்குப் பிறகு ஆள் மாற்றி ஆள். கங்காணி, லாரி டிரைவர், கொப்பரைக் கொட்டகை ஆட்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டவரும் வந்தார். நான் தாளம் சொன்னேன். எஸ்தர் இடையிடையே ஊதினாள். அறுக்கும் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. விளக்கேற்றிக் கொஞ்ச நேரம் கழித்து, கங்காணி கையைத் தூக்கும் முன்பாகவே நெஞ்சு தானாக ஒரு தடவை எழுந்தது. எல்லோரும் அப்படியே நின்றோம். எவ்வளவோ நேரம் போன மாதிரி இருந்தது. மறுபடி எழுந்தது.

விடியும்போது அவன் சுண்டுவிரலை அசைத்தான். என் உதட்டு எறும்பும் போய்விட்டது.

அடுத்த நாள் முழுக்க அவன் பேசவில்லை. பேச முடியாததால் என்று நினைத்தோம். அதற்கும் மறுநாள் சாயங்காலம், நான் கஞ்சி ஊட்டும்போது, தாழ்ந்த குரலில், "மதினி, நான் ஒரு நிமிஷம்கூட மயங்கல" என்றான்.

எஸ்தர் கையிலிருந்த துணியை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் கேட்டுச்சு. கங்காணி போயிட்டாருன்னு சொன்னது, இருட்டறதுக்குள்ள எடுக்கணும்னு வெளிய பேசுனது. கண்ண மூடுன கை சூடா இருந்துச்சு. நான் இருக்கேன், இருக்கேன்னு உள்ள கத்துறேன். கத்துறது எனக்கே கேக்குது. ஒதட்டுக்கு வரல." கொஞ்சம் நிறுத்தினான். "அந்த வாள் சத்தந்தான் மதினி. அறுத்துக்கிட்டே இருந்தான். திடீர்னு நின்னுச்சு. நான் பொழைச்சேன்னு நிறுத்திட்டானா, இல்ல பொட்டி முடிஞ்சு போச்சான்னு தெரியல. அத யார்கிட்ட கேப்பேன்?"

எஸ்தர் அவன் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

பிறகு மழை வந்தது. நம் ஊர் மழை மாதிரி இல்லை, வானத்தையே கவிழ்த்துக் கொட்டியது. அது ஓய்ந்தபோது கடல் பழைய சேற்று நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அணையில் ஒரு கொக்கு வந்து நின்றது. டாக்டர் வந்து, மிச்சமிருந்த மட்டி ஓடுகளை ஒரு புட்டியில் போட்டு எடுத்துப்போனார். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ பாசி பூத்திருக்கலாம், மீனைக் கொன்றதும் மட்டியில் சேர்ந்ததும் அதுவாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். மீன்களைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். நாற்றம் மட்டும் துணியிலும் தலைமுடியிலும் வெகுநாள் இருந்தது.

அந்த வாரத்திலேயே எஸ்தருக்கு வலி கண்டது. பெண் குழந்தை. என் கையில் விழுந்த உடனே, நான் எதுவும் செய்வதற்கு முன்பே, வீடு அதிர அழுதது. வெளியே சாமுவேல் சிரிக்கும் சத்தம் கேட்டது.

குழந்தை பிறந்த செய்தி கேட்டு வந்த கங்காணி மனைவிதான் இன்னொன்றையும் சொன்னாள். பிள்ளை பிறக்கும்வரை சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தார்களாம். மாக் லீமாவின் புருஷனும் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டி தின்று விழுந்துவிட்டார். மூச்சு நின்றது. அவர்கள் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

சாமுவேல் எழுந்து வெளியே போனான். அணைக்குப் போகவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். அன்றிலிருந்து மறுபடி பேச்சுக் குறைந்துவிட்டது. அவனிடம் சொன்னேன்: மூச்சுக் கொடுக்க ஆளில்லாவிட்டால் நாடியும் சீக்கிரமே நின்றுவிடும், அடக்கம் செய்யும்போது அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. நர்ஸாகச் சொன்னேன். உண்மையும் அதுதான் என்று நம்புகிறேன். "சரி மதினி" என்றான். அவன் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாக் லீமா வந்தாள். தலையில் வெள்ளைத் துணி. ஆள் பாதியாகிவிட்டிருந்தாள். குழந்தைக்கு ஒரு சின்னத் துண்டுத் துணி கொண்டு வந்திருந்தாள். எஸ்தர் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தாள். அவள் எஸ்தர் தலையைத் தடவினாள். ஆனால் அவள் பார்வை எங்களிடம் இல்லை. வராண்டாவில் நின்ற சாமுவேலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

பிறகு ஏதோ கேட்டாள். ஒரு வரிதான். சாமுவேலின் முகம் வெளுத்துப்போயிற்று.

"என்ன கேக்குறாங்க?" என்றேன்.

அவன் என்னைப் பார்க்காமல் தமிழில் சொன்னான்: "அப்படிக் கெடந்தப்ப எனக்குக் காது கேட்டுச்சான்னு கேக்குறாங்க மதினி."

எஸ்தர் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அந்த அம்மாள் மூட்டையாகச் சுருங்கிப் படியில் உட்கார்ந்து, பதிலுக்காக நிமிர்ந்து பார்த்தபடி இருந்தாள்.

சாமுவேல் படியிறங்கி அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தான். மலாயில் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். எனக்கு அதற்குள் இரண்டு மூன்று சொற்கள் தெரிந்திருந்தன. தாக் டெங்கார், கேட்கவில்லை. தீடோர், தூக்கம். கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினான். வலி இல்லை, பயம் இல்லை, ஒன்றுமே தெரியவில்லை, நல்ல தூக்கம், எழுப்பியபோதுதான் தூங்கினதே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் மறுபடி ஒரு சொல் கேட்டாள். உண்மையாகவா என்று. "பெத்துல், மாக்" என்றான். குரல் பிசகவில்லை. பழைய சாமுவேல் மாதிரி சிரிக்கக்கூடச் செய்தான்.

மாக் லீமா வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். குழந்தையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் நெற்றியில் முத்தமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அணை வழியாக நடந்து போனாள்.

அவள் வெள்ளைத் துணி மரங்களுக்குள் மறையும்வரை சாமுவேல் அதே சிரித்த முகத்தோடு நின்றான். அப்புறம்தான் படியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் சொன்னது சரிதானே மதினி?"

"சரிதான் தம்பி" என்றேன்.

உள்ளே பிள்ளை அழுதது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைத் தூக்கப் போனான்.